மோடத்தை அணைக்கக் கூடாது

அக்டோபர் 9, திங்கள்

ரவுட்டர் வந்துவிட்டது. கூரியர்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியது நான்தான். பெட்டியைப் பிரித்தால் உள்ளே கறுப்பாக ஒரு டப்பா, அதன் தலையில் இரண்டு கொம்பு. பேத்தி அமுதினி பார்த்ததும் "எரும" என்றாள். நாலு வயதுக்கு நல்ல பார்வை.

விஷயம் இதுதான். மருமகள் கோகிலவாணி பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறாள். ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிற வேலை. இதுவரை செல்போன் நெட்டை வைத்து எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். இப்போது கம்பெனியில் புது உத்தரவு. வீட்டில் ஒழுங்கான நெட் இருக்கிறது என்று காட்டுகிறவர்கள் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். மற்றவர்கள் நவம்பர் ஒன்றாம் தேதி பெங்களூர் ஆபீசில் வந்து உட்கார வேண்டும். 25ஆம் தேதி புதன்கிழமை காலை பத்து மணிக்கு அங்கிருந்தபடியே சோதித்துப் பார்ப்பார்களாம். செல்போன் நெட் செல்லாது.

மகன் இளங்கோ குஜராத்தில் காற்றாலைக் கம்பெனியில் இருக்கிறான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவான். ஆக, கோகிலவாணி பெங்களூர் போனால் அமுதினியும் கூடவே போவாள். அப்புறம் உடுமலைப்பேட்டையில் இந்த வீட்டில் நானும் என் மனைவி துளசிமணியும்தான். எனக்கு இதில் ஆட்சேபணை ஒன்றும் இல்லை. வேலை என்றால் போகத்தான் வேண்டும். சும்மா எழுதி வைக்கிறேன்.

ரவுட்டரை மாட்டிக் கொடுப்பது என் பொறுப்பு. தொலைபேசித் துறையில் முப்பத்தாறு வருஷம், அதில் பத்தொன்பது வருஷம் கேபிள் ஜாயின்டர். எண்ணூறு ஜோடிக் கம்பிகளை மழையில் குழிக்குள் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் இணைத்தவன் நான். ஒரே ஒரு கம்பியை ஒரு பெட்டியிலிருந்து உருவி இன்னொரு பெட்டியில் செருகுவதெல்லாம் ஒரு வேலையா? நாளைக் காலை காபிக்கும் இட்லிக்கும் நடுவில் முடித்துவிடுவேன்.

அக்டோபர் 10, செவ்வாய்

இட்லி ஆறிவிட்டது. வேலை முடியவில்லை.

முதலில் இங்கே இருக்கும் ஏற்பாட்டை எழுதிவிடுகிறேன். கம்பத்திலிருந்து வரும் கேபிள் ஹாலில் உள்ள மோடம் என்கிற சின்னப் பெட்டியில் வந்து சேருகிறது. அதை நெட்டாக மாற்றிக் கொடுப்பது மோடத்தின் வேலை. மோடத்திலிருந்து ஒரு கம்பி நேராக என் கம்ப்யூட்டருக்குப் போகிறது. ரிடையர் ஆனபோது வாங்கிய கம்ப்யூட்டர். ஓய்வூதியர் சங்கத்துத் தீர்மானங்களை அதில்தான் டைப் செய்கிறேன், பிறகு கொஞ்சம் சதுரங்கம். கோகிலவாணியின் லேப்டாப் அப்பளம் மாதிரி இருக்கிறது, அதில் கம்பி செருக இடமே கிடையாது. அதனால் மோடத்தின் கம்பியை ரவுட்டரில் செருக வேண்டும், ரவுட்டர் நெட்டைக் காற்றில் வீடு முழுக்க அனுப்பும். இவ்வளவுதான் சங்கதி.

ரவுட்டரின் பின்னால் ஐந்து துளை. நாலு மஞ்சள், ஒன்று நீலம். முதலில் மஞ்சளில் செருகினேன். அது ஒரு சோதனைக்காக. பின்னால் நின்ற கோகிலவாணி, நீலத்தில் செருக வேண்டும் போலிருக்கிறதே என்றாள். நீலத்துக்குத்தான் அடுத்து வர இருந்தேன்.

நீலத்தில் செருகியும் நெட் வரவில்லை. எல்லா விளக்கும் பச்சையாக எரிகிறது, உலக உருண்டை படம் போட்ட விளக்கு மட்டும் ஆரஞ்சு. ரவுட்டரின் பெயர் லேப்டாப்பில் தெரிகிறது, ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை. உடனே கம்பியை உருவி என் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தேன். நெட் ஜம்மென்று வந்தது. மறுபடி ரவுட்டரில் செருகினால் ஆரஞ்சு. மறுபடி கம்ப்யூட்டரில் போட்டால் ஜம். ஏழு தரம் இப்படி மாற்றி மாற்றிப் பார்த்தேன். லைனில் பழுது இல்லை, மோடத்தில் பழுது இல்லை. பழுது எங்கே என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

கோகிலவாணி அதற்குள் பெட்டியோடு வந்த தாளை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். தொழில் தெரியாதவர்களுக்காக அச்சடிக்கிற தாள் அது.

"மாமா, மொதல்ல மோடத்த அணைச்சுப்போட்டு, ரவுட்டர மாட்டிட்டு, அப்பறம் மறுக்கா போடோணும்னு இதுல இருக்குதுங்க. ஒருக்கா அணைச்சுப் பாக்கலாமுங்களா?"

"ஓடற லைன்ல கை வெக்கக் கூடாது அம்மிணி" என்றேன்.

இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சை யாராவது அணைப்பார்களா? அமராவதி ஆற்றில் வெள்ளம் வந்து ஊருக்கே பதினொரு நாள் கரண்ட் இல்லாதபோதும் எங்கள் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலும் ஜெனரேட்டரிலும் ஓடியது. ஒரு நிமிஷம் நிற்கவில்லை. அந்தப் பழக்கத்தில்தான் இந்த மோடத்தையும் இன்வர்ட்டரில் தனியாக இழுத்துவிட்டிருக்கிறேன். சுவிட்சே வைக்கவில்லை, நேரடி இணைப்பு. பக்கத்துச் சுவரில் 'அணைக்கக் கூடாது' என்று எழுதியும் ஒட்டியிருக்கிறேன். வாங்கி மாட்டிய நாளிலிருந்து மூன்று வருஷமாக அது ஒரு தடவைகூட அணைந்ததில்லை. உடுமலையில் வேறு எந்த வீட்டில் இப்படிச் சொல்ல முடியும்?

கோகிலவாணி "சரிங்க மாமா" என்று தாளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள். நல்ல பெண். சொன்னால் புரிந்துகொள்வாள்.

அக்டோபர் 11, புதன்

ரவுட்டர் பழுது. சந்தேகமே இல்லை. சாயங்காலம் வேண்டுமானால் இன்னொரு தரம் பார்க்கலாம்.

சாயங்காலம் பார்த்தேன். பழுதுதான்.

அக்டோபர் 12, வியாழன்

வாரா வாரம் வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஓய்வூதியர் சங்கக் கூட்டம். ஐந்துக்குத்தான் திரும்புவேன். இன்று மருத்துவப்படி பற்றிப் பேச்சு. எனக்கு அதில் மனம் செல்லவில்லை. கம்பியாக இருக்குமோ என்று பாதிக் கூட்டத்தில் தோன்றியது. நெட் கம்பிக்குள் எட்டு இழை, எட்டு நிறம். என் கம்ப்யூட்டர் பழைய ஆள், நாலு இழை சரியாக இருந்தாலே போதும் என்று ஏற்றுக்கொண்டிருக்கலாம். புது ரவுட்டர் எட்டையும் கேட்கலாம்.

வீட்டுக்கு வந்தால் கோகிலவாணி மொட்டை மாடியில் இருக்கிறாள் என்றாள் துளசிமணி. ஏறிப் போய்ப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மடியில் லேப்டாப், ஒரு கையில் குடை. செல்போன் சிக்னல் அங்கேதான் நன்றாகக் கிடைக்கிறதாம். காதில் மாட்டிக்கொண்டு யாரிடமோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குடையை அசைத்துச் சிரித்தாள். நான் இறங்கி வந்துவிட்டேன்.

அக்டோபர் 13, வெள்ளி

பழைய தார்ப்பாய் ஒன்று கிடந்தது. தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் இழுத்துக் கட்டினேன். மாடியில் வடகம் காயப்போட நிழல் வேண்டும் என்றுதான். வடகத்துக்கு எதற்கு நிழல் என்று துளசிமணி கேட்டாள். எல்லாவற்றுக்கும் இவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அக்டோபர் 14, சனி

புதுக் கம்பி வாங்கி, முனைக்குப் புது மூடி போட்டு, எட்டு இழைகளையும் வரிசையாக அடுக்கி இடுக்கியால் அழுத்தினேன். கண்ணாடியைக் கழற்றிப் போட்டுக் கழற்றிப் போட்டு இரண்டு மணி நேரம். ஆனால் வேலை சுத்தம். துறையில் இருந்திருந்தால் இன்ஸ்பெக்டர் தட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்.

வழக்கம்போல முதலில் என் கம்ப்யூட்டரில் மாட்டிச் சோதித்தேன். ஜம். பிறகு ரவுட்டரில். ஆரஞ்சு.

அமுதினி என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, "எருமைக்கு மஞ்சக் கண்ணு அப்பாரு" என்றாள். ஆமாம் என்றேன்.

அக்டோபர் 16, திங்கள்

நேற்றும் இன்றும் ரவுட்டரை ஆறு இடத்தில் வைத்துப் பார்த்தாயிற்று. ஃபிரிட்ஜின் மேல் உட்பட.

அக்டோபர் 17, செவ்வாய்

மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை ஊர் முழுக்க மின்தடை. தெருவில் எல்லா வீட்டிலும் மோடம் செத்துக் கிடந்தது. எங்கள் வீட்டில் மட்டும் வரிசையாகப் பச்சை. கோகிலவாணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இன்வர்ட்டர் இணைப்பை நான் எப்படிக் கொடுத்திருக்கிறேன் என்று விளக்கினேன். இந்த மாதிரி மின்தடை வந்தால் மற்ற வீட்டு மோடமெல்லாம் அணைந்து, திரும்பக் கரண்ட் வந்ததும் முதலிலிருந்து விழித்துத் தடுமாற வேண்டும். இதற்கு அந்தத் தொல்லையே இல்லை.

அவள் மோடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். உள்ளே அவளும் துளசிமணியும் சிரிக்கிற சத்தம் கேட்டது. பெண்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்.

அக்டோபர் 18, புதன்

இன்னும் ஒரே ஒரு வாரம். மனதைக் கல்லாக்கிக்கொண்டு தங்கராசுவுக்குப் போன் போட்டேன்.

தங்கராசு எங்கள் பகுதிக் கேபிள்காரன். அந்தக் காலத்தில் அவன் தன்னுடைய டிவி கேபிளை எங்கள் தொலைபேசிக் கம்பங்களில் கட்டுவான். நான் ஏணி வைத்து ஏறி வெட்டி எறிவேன். அவன் மறுபடி கட்டுவான். பதினாலு முறை வெட்டியிருக்கிறேன். இப்போது என் வீட்டுக்கு நெட் வருவதே அவனுடைய கேபிளில்தான். அதனால் அவனிடம் ஒரு உதவி கேட்பதற்கு முன் நான் இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

விவரமெல்லாம் கேட்டுக்கொண்டான். பிறகு அவன் சொன்னது இதுதான்: "அண்ணா, அந்த மோடத்த ஒருக்கா அணைச்சுப் போட்டீங்களா?"

தொழில் தெரிந்தவனிடம் பேசுகிற பேச்சா இது? போனை வைத்துவிட்டேன். கேபிளைக் கம்பத்தில் கட்டத் தெரிந்தவனுக்கு லைனின் அருமை எப்படித் தெரியும்.

அக்டோபர் 19, வியாழன்

சங்கக் கூட்டம். மருத்துவப்படி இன்னும் முடியவில்லை.

அக்டோபர் 20, வெள்ளி

கோகிலவாணி மாடியில் போனில் பேசியது படிக்கட்டில் நின்றபோது காதில் விழுந்தது. நான் ஒட்டுக் கேட்கவில்லை, தார்ப்பாய்க் கயிறு தளர்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன். பெங்களூரில் ஆபீசுக்குப் பக்கத்தில் அவளுடைய சிநேகிதி வீட்டு மாடியில் இரண்டு அறை காலியாக இருக்கிறதாம். பக்கத்தில் பள்ளிக்கூடமும் இருக்கிறதாம். எல்.கே.ஜி.யில் நடுவில் சேர்த்துக்கொள்வார்களா என்று விசாரித்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டிருந்தாள்.

நல்லதுதான். போனால் வீடு அமைதியாக இருக்கும். டிவியில் செய்தியை என் இஷ்டத்துக்குச் சத்தமாக வைக்கலாம். செருப்புக்குள் களிமண் பொம்மை இருக்காது. காலையில் பேப்பரை நானே முதலில் பிரிக்கலாம், யாரும் வந்து மடியில் ஏறி யானைப் படம் எந்தப் பக்கம் என்று கேட்க மாட்டார்கள்.

இன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை. வெயில் அதிகம்.

அக்டோபர் 21, சனி

ரவுட்டரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் பொள்ளாச்சிக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டர் கடையில் கொடுத்து, இது பழுது, பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். கடைக்காரர் வாங்கித் தன் கடை மோடத்தில் மாட்டினார். மாட்டுவதற்கு முன்னால் அவரும் மோடத்தை ஒரு தடவை அணைத்துப் போட்டார், இப்போது எல்லாருக்கும் இதே கெட்ட பழக்கம். இரண்டே நிமிஷத்தில் உலக உருண்டை பச்சையாகிவிட்டது. "அருமையா வேலை செய்யுதுங்களே" என்று துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

ரவுட்டரை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். லைனும் நன்றாக இருக்கிறது, மோடமும் நன்றாக இருக்கிறது, கம்பியும் நன்றாக இருக்கிறது, ரவுட்டரும் நன்றாக இருக்கிறது. முப்பத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு பழுதை நான் பார்த்ததில்லை. கோமங்கலம் தாண்டும்போது முதல்முறையாகப் பயம் வந்தது. இதை என்னால் சரிசெய்ய முடியாமலே போய்விடுமோ.

அக்டோபர் 22, ஞாயிறு

இன்று உள்ளதை எழுதிவிடுகிறேன்.

வீட்டுக்குள் வைஃபை வைக்கலாம் என்று கோகிலவாணி முதலில் கேட்டது ஆடி மாதத்தில். அப்போதே கேட்டாள். ஹாலில்தான் கம்ப்யூட்டர் இருக்கிறதே, அது போதாதா என்றேன். கம்பெனி வேலையை அதில் செய்யக் கூடாது என்று பொறுமையாகச் சொன்னாள். அன்றைக்குக் காற்று வேறு பேய் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது, மாடியில் அவளுக்குப் பேச்சு கேட்கவில்லை, மறுபடியும் வந்து கேட்டாள். எனக்கு என்ன கோபமோ, "அத்தன நெட்டு வேணும்னா பெங்களூர்லயே போயி இருந்துக்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மறுநாளும் எனக்குச் சர்க்கரை இல்லாத காபியை அவள்தான் கொண்டுவந்து வைத்தாள். இந்த ரவுட்டரும் இளங்கோ வாங்கி அனுப்பியது. நான் வாங்கித் தரவில்லை.

இன்று சாயங்காலம் துளசிமணி பூஜைக்கு வாங்கிய பொரியைப் பிரித்து டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர்கள் போய்விட்டால் வீடு வெறிச்சென்று ஆகிவிடும், என்னால் தாங்க முடியாது என்றேன். அவளிடம்கூட இப்படி நான் பேசி ரொம்ப வருஷம் ஆகிறது. அவள் பொரி கொட்டுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"இதைய எங்கிட்டச் சொல்லி என்னுங்க பண்றது? சொல்லவேண்டிய எடத்துல சொல்லுங்க."

சொல்ல வேண்டிய இடம் அந்நேரம் அமுதினிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தது. கதவு வரைக்கும் போனேன். ரவுட்டர் கம்பி எங்கே என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. காலையிலிருந்து வீடு கழுவி, ஸ்கூட்டர் கழுவி, முதுகு பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டில் பூஜைக்கு வைத்த எந்தச் சாமானையும் மறுநாள் காலை பூஜை முடிகிறவரைக்கும் தொடக் கூடாது. அரிவாள்மனை, மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, என்னுடைய பழைய ஜாயின்டர் இடுக்கி, கோகிலவாணியின் லேப்டாப், அமுதினியின் கலர் பென்சில் டப்பா என்று எல்லாவற்றையும் சாமி முன்னால் அடுக்கினோம். ரவுட்டருக்கு இரண்டு கொம்பிலும் சந்தனம் வைத்துப் பொட்டு வைத்தது அமுதினி. நாளை மறுநாள் சோதனை, இதற்கு எதற்குப் பொட்டு என்று எனக்குத் தோன்றியது.

என் கம்ப்யூட்டரையும் நிறுத்திப் பொட்டு வைத்தாயிற்று. அப்போது துளசிமணி மோடத்தையும் கழற்றி இறக்கச் சொன்னாள்.

முடியாது என்றேன். எக்ஸ்சேஞ்சில் ஆயுத பூஜை எப்படிக் கொண்டாடுவோம் என்று அவளுக்குத் தெரியாதா? ஓடுகிற இயந்திரத்துக்கு ஓடுகிறபடியே பொட்டு வைப்போம். நிறுத்த மாட்டோம். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் மோடத்துக்கு அப்படித்தானே வைத்தோம்? அப்போதெல்லாம் இவள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

"இந்த வூட்டுல எல்லாத்துக்கும் ஒரு நா ஓய்வு உண்டுங்க. அது மட்டும் என்னுங்க பாவம் பண்ணுச்சு?" என்றாள்.

பதில் பேச வாயெடுத்தேன். திரும்பிப் பார்த்தால் கோகிலவாணி பூக்கட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அமுதினி மோடத்துக்கென்று உள்ளங்கையில் சந்தனம் குழைத்து வைத்துக்கொண்டு நின்றாள். இன்னும் பத்து நாளில் இவர்கள் இருவரும் பெங்களூரில் இருப்பார்கள். அப்புறம் இந்த மோடம் யாருக்காக ஓட வேண்டும், நான் சதுரங்கம் ஆடுவதற்கா?

வேறு யாரையும் விடாமல் மோடத்தின் கரண்ட் வயரை என் கையாலேயே இழுத்தேன். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாகப் போயின. மோடத்தைத் துடைத்துச் சாமி முன்னால் வைத்தபோது அது கையில் சூடாக இருந்தது.

அக்டோபர் 24, செவ்வாய்

விஜயதசமி. காலை ஏழரைக்குப் பூஜை முடிந்தது. ஒவ்வொருவரும் அவரவர் சாமானை எடுத்து ஒரு சின்ன வேலையாவது செய்து தொடங்க வேண்டும். துளசிமணி ஒரு தேங்காய்ச் சில்லை அரிந்தாள். அமுதினி தரையில் ஒரு கோடு போட்டாள்.

நான் மோடத்தை மாட்டி, கம்பியை எடுத்து என் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனேன். இந்த வீட்டில் நெட் என்றால் முதலில் அதற்குத்தான் போகும். துளசிமணி குறுக்கே வந்து நின்றாள். நாளைக்கு யாருடைய வேலைக்குச் சோதனையோ அவளுடைய சாமான்தான் முதலில், என் கம்ப்யூட்டர் அதற்கப்புறம் என்றாள். குரலில் இருந்த உறுதியைப் பார்த்தால் சங்கத் தலைவர் பதவியைக் கொடுத்துவிடலாம்.

சரி என்று கம்பியைக் கோகிலவாணியிடம் கொடுத்தேன். அவள் நீலத்தில் செருகினாள். பொட்டு வைத்த ரவுட்டரைச் சுற்றி எல்லோரும் நின்றோம். உலக உருண்டை ஆரஞ்சாகவே எரிந்தது. பிறகு சிமிட்டியது. பிறகு பச்சையாகிவிட்டது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

லேப்டாப்பில் இளங்கோ வந்தான், குஜராத்தில் அவன் அறைச் சுவரில் இருக்கும் காலண்டர் தேதிகூடத் தெரிந்தது. என்னப்பா செய்தீர்கள் என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் துளசிமணி, எல்லாம் சரஸ்வதி செயல் என்றாள். பத்து மணிக்குள் தெருவில் மூன்று வீட்டுக்கு அந்தச் செய்தி பொரியோடு போய்விட்டது.

பின்கட்டு அறைக்குப் போனாலும் நெட் வருகிறது. மாடிக்குப் போனாலும் வருகிறது. கிணற்றடியில்கூட வருகிறது, நானே போன் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

மதியம் எல்லோரும் தூங்கியபோது அலமாரியில் இருந்த அந்தத் தாளை எடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தேன். கேபிள் மோடம் விழித்ததும் தன்னோடு முதலில் சேர்கிற சாதனத்தை மட்டும் அடையாளம் வைத்துக்கொள்ளுமாம். வேறு எதை மாட்டினாலும் கண்டுகொள்ளாதாம். அதை மறக்கவைக்க ஒரே வழி, மோடத்தை அணைத்துவிட்டுப் புதிதை மாட்டுவது. முதல் பக்கம், மூன்றாவது வரி.

என் மோடம் மூன்று வருஷத்துக்கு முன்னால் என் கம்ப்யூட்டரைப் பார்த்தது. அப்புறம் நான் அதை அணைய விடவேயில்லை. ஊரே இருண்டபோதும் விடவில்லை. வேறு எந்த வீடாக இருந்தாலும் 17ஆம் தேதி மின்தடையிலேயே இது சரியாகியிருக்கும். இத்தனை நாளும் குறுக்கே நின்றது என் கம்ப்யூட்டர். நேராகச் சொன்னால் நான்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சரஸ்வதியே பெயர் வாங்கிக்கொள்ளட்டும்.

அக்டோபர் 25, புதன்

காலை பத்து மணிக்கு ஆரம்பித்தார்கள். நான் ஹாலில் உட்கார்ந்து பேப்பரை வைத்துக்கொண்டிருந்தேன். தலைகீழாக வைத்திருப்பதாக அமுதினி சொன்னாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, யானை கால் மேலே இருந்ததை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறாள். பத்து நாற்பதுக்குக் கோகிலவாணி அறையிலிருந்து வெளியே வந்து, ஆயிருச்சுங்க மாமா, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றாள். துளசிமணி அவளைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், நான் பேப்பரை நேராகத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் துளசிமணி அமுதினியைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். கோகிலவாணி காபி கொண்டுவந்தாள். எனக்கு நேற்றிலிருந்தே ஒன்று இடித்துக்கொண்டிருந்தது. இவள் அந்தத் தாளை இரண்டாவது நாளே படித்தவள். வியாழக்கிழமை தவறாமல் நான் இரண்டு மணி நேரம் வீட்டில் இல்லை. அப்படி இரண்டு வியாழக்கிழமை வந்துபோனது. ஒரே ஒரு தடவை மோடத்தை இழுத்து மாட்டியிருந்தால் எனக்குத் தெரியவே போவதில்லை. ஏன் செய்யவில்லை? கேட்டேவிட்டேன்.

அவள் டம்ளரை என் கையில் கொடுத்தாள்.

"அணைச்சிருந்தா நெட்டு வந்திருக்குமுங்க மாமா. நாங்க இங்க இருக்கறது உங்களுக்கு வேணுமா வேண்டாமான்னு எனக்குத் தெரிஞ்சிருக்காதுங்களே."

காபி கையில் இருந்தது. குடிக்கத் தோன்றவில்லை.

"ஆடில நீங்க சொன்னது மனசுலயே கெடந்துதுங்க" என்றாள். சண்டை போடுகிற குரல் இல்லை. மணி என்ன என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

இவ்வளவு நாள் நான் கம்பியில் தேடிக்கொண்டிருந்தேன், இவள் என் வாயிலிருந்து ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். ஓட்டைக் குடையோடு மாடியில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு சொல்கிற விஷயமாகத் தெரியவில்லை.

"ஆடில நான் சொன்னது தப்பு அம்மிணி. நீங்க ரெண்டு பேரும் இங்கயேதான் இருக்கோணும். நீங்க இல்லீனா எனக்கு இந்த வூடு வேண்டாம்."

கோகிலவாணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சிரித்துவிட்டாள்.

"செரிங்க மாமா. அப்ப இருக்கறமுங்க."

அதற்குள் உள்ளே லேப்டாப் கூப்பிட்டது. பெங்களூர்க்காரர்களுக்கு நேரம் காலம் கிடையாது. அவள் போய்விட்டாள். நான் பின்னால் வேப்பமரத்தடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அங்கே ஒரு வேலையும் இல்லை. கோயிலிலிருந்து வந்த துளசிமணி நான் நிற்பதைப் பார்த்தாள், முகத்தையும் பார்த்தாள், அமுதினியை மட்டும் என் பக்கமாக இறக்கிவிட்டு உள்ளே போனாள்.